லினக்ஸில் தனியாள் போர்விளையாட்டு

கண்டி, பேராதனைப் பகுதிகளில் பழைய கணினியில் லினக்ஸை நிறுவிய மாணவன், ஆடுவோன் கண்வழியே களம் விரியும் துப்பாக்கி விளையாட்டைத் தேடுகின்றான். கிடைக்காதபோது திருட்டுப்படியை நாடுகின்றான். அது தேவையில்லை. 1993இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டின் மூலநிரலை ‘இட் சாஃப்ட்வேர்’ நிறுவனம் 1997இல் வெளியிட்டது. அதுவும் லினக்ஸுக்குரிய வடிவமே. 1999இல் அது பொது உரிமத்தின்கீழ் வந்தது. ஆயின் களங்கள், அரக்கர் உருவங்கள், ஒலிகள் ஆகியன அவ்வுரிமத்தின்கீழ் வரவில்லை. தப்பும் தாளமும் ஆயத்தமாகியும் வேடமின்றி நிற்கும் மலையகத்துக் காமன் கூத்தை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவ்வேடத்தைத் தொண்டர் பலர் புதிதாக வரைந்து ‘ஃப்ரீடூம்’ எனும் பெயரில் இலவசமாக அளித்துள்ளனர். குருதி மிகுந்த ஆட்டம்; சிறார்க்கு ஏற்றதன்று. அதனையும் இயக்குஞ் செயலியையும் டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே பெறலாம். ஒருமுறை பெற்றுவிட்டால், இணையத் தொடர்பின்றித் தனியே ஆடலாம்.