அல்லி அரசாணி

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமியாகும். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் விளையும். அம்மழை பொய்த்தால் வறுமையே விளையும். எட்டையபுரத்து அரண்மனையை எட்ட நின்று பார்த்ததன்றி அரண்மனை வாழ்வு அறியாதவர் இச்சிற்றூர் மக்கள். ஆயினும், இளவரசியர் கதைகளுக்கு இங்குக் குறைவில்லை. பகலெல்லாம் பருத்தி எடுத்துக் களைத்தவர் இரவில் கதை கேட்டு அயர்வு நீங்கினர். இப்பகுதியின் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் (1923–2021) இத்தகைய நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் திரட்டி நூல்களாக்கினார்.

தென்னாட்டில் பெரிதும் வழங்கிய இளவரசி கதைகளுள் அல்லி அரசாணி மாலையும் ஒன்று. இதனைப் புகழேந்திப் புலவர் பாடினார் என்பது வழக்கு. ஆராய்ச்சியாளர் அதனை ஏற்பதில்லை. 'பெரிய எழுத்து' நூலாக அச்சிடப்பெற்று இது சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டது. எழுத்தறிந்த ஒருவர் விளக்கொளியில் இசையோடு படிக்க, எழுத்தறியாதார் சூழ இருந்து கேட்பர். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அல்லியின் கதையை நாடகமாக்கினார்.

மகப்பேறின்றி வருந்திய மதுரைப் பாண்டியனுக்கு அல்லி மலர்மீது கிடைத்த பெண்மகவே இக்கதையின் தலைவி. இன்னார் வயிற்றுப் பிள்ளை என்று சொல்லுதற்கில்லாத அக்குழந்தையை மன்னன் தன் மகளாகவே வளர்த்தான். அவள் குருகுலம் சென்று கலைகள் பல கற்றாள். படைக்கலப் பயிற்சியும் பெற்றாள். நீன்முகன் என்பான் மதுரையின் அரசுரிமையைக் கவர முற்பட்டபோது, இளம்பெண்ணாகிய அல்லியே போர்க்களம் புகுந்து அவனை வென்றாள். முடி சூடி நாட்டை ஆண்டாள். அருச்சுனன் அவளை மணக்க விரும்பினான். வில்லுக்கு விசயன் எனப் புகழ்பெற்ற அவனும் அவளை நேர்நின்று வெல்ல இயலாமல் சூழ்ச்சியையே நாடினான் என்று கதை கூறுகிறது. வியாச பாரதத்தில் அல்லி இல்லை. அவள் தமிழ் மக்கள் தாமே படைத்துக்கொண்ட அரசி.

இன்றும், ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ பெண்ணின் சொல் செல்லுமாயின், அதனை 'அல்லி ராஜ்யம்' என்று எள்ளி நகையாடுவோர் உளர். கதையை முற்றக் கேட்டவர் அவ்வாறு நகையாடார். பகைவனிடமிருந்து நாட்டைக் காத்தவளின் ஆட்சி எவ்வாறு நகைப்புக்கு உரியதாகும்? பிறப்பு விளங்காத ஒரு பெண் கல்வியாலும் ஆற்றலாலும் அரசியானாள் என்பதே அக்கதையின் உயிர்.

அக்காலத்தில் அக்கதையைக் கேட்ட சிறுமியருட் பலர் பள்ளி வாயிலை மிதித்ததில்லை. காலையில் களை பறிக்கச் செல்லும் அவர்கள், இரவில், குருகுலம் சென்று கற்ற ஒருத்தியின் கதையைக் கேட்டனர். தமக்குக் கிட்டாத கல்வியை அவர்கள் கதையிலேனும் கண்டனர். அவர்களுடைய பேர்த்தியர் இன்று புத்தகப் பையுடன் பள்ளிக்குச் செல்கின்றனர்.

கதை சொல்லும் மூதாட்டியரோ நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். ஏட்டில் ஏறாத கதை சொல்பவரோடு மறையும். ஆதலின், வீட்டில் பாட்டி இருப்பின் அவரை அணுகிக் கதை கேட்டல் வேண்டும்; கேட்டதை எழுதி வைத்தலும் வேண்டும். எழுத்தறியாத பாட்டி காத்த செல்வத்தை எழுத்தறிந்த பேர்த்தி இழக்கலாகாது.