தலையை எண்ணிச் சாலை போடலாமா?

திருவல்லிக்கேணியில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்தால் ஆட்டோ பிடித்துச் சற்று நேரத்தில் கோஷா ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறிப் பல காலம் ஆகியும் எங்கள் பேட்டையில் அது கோஷாதான். அங்கே செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்கு முன்பு ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். மலைக்கிராமங்களுக்குச் சாலை வேண்டும் என்று விடாமல் சொல்லி வருவது அங்கே கண்டதை வைத்துத்தான்.

சாலை இல்லாத ஊர்களிலிருந்து கர்ப்பிணியைத் தூளியில் தூக்கி வருவார்கள். நீள மூங்கில் கம்பு, அதில் இரு முனையும் முடிந்த கம்பளி. தோள் மாற்றிக்கொள்ளக் கூடவே நாலைந்து பேர். வீட்டிலேயே பிரசவமாகி, கருப்பை சுருங்காமல் இரத்தம் கொட்டுகிறது என்று வையுங்கள். அடிவயிற்றில் கைவைத்து விடாமல் தேய்க்க வேண்டும், ஊசி போட வேண்டும், சீக்கிரமே இரத்தம் ஏற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடிய நிலை அது. சுருண்டு கிடக்கும் தூளிக்குள் கைவிட்டுத் தேய்க்க வழியே கிடையாது. கூடவே நடந்து நாடி பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். கம்பளி நனைந்து கனப்பது தூக்குகிறவருக்குத் தோளிலேயே தெரிந்துவிடும். எங்கள் படிப்பில் சாலையைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. ஆனால் அந்த மலையில் முதல் மருந்தே சாலைதான்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதமாகிக் குழந்தை இறந்தது. உடலோடு திரும்பிய ஆம்புலன்ஸ் அதற்கு மேல் போக வழியில்லாமல் பாதியில் நிற்க, தாய் பிள்ளையைக் கையில் ஏந்தி மலையேறினார். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. இரண்டும் இருந்தும் அந்த ஊருக்கு எட்டவில்லை.

சாலை கேட்டால் முதலில் தலையை எண்ணுகிறார்கள். 2000-இல் வந்த பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடக்கத்தில் சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் உள்ள குடியிருப்புகளைத்தான் எடுத்துக்கொண்டது. தனித்துக் கிடக்கும் நாற்பது வீட்டு ஊர் இந்தக் கணக்கில் வராது. நாமக்கல் மாவட்டத்துப் போதமலையில் கீழூர், மேலூர், கெடமலைக்காரர்கள் சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். தேர்தலுக்கு வாக்குப் பெட்டி தலைச்சுமையாக மேலே போகும், சாலை மட்டும் போகவில்லை. ஒருவழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய 140 கோடி ரூபாயில் வேலை தொடங்கியது. கொஞ்ச ஜனத்துக்கு இவ்வளவா என்று கேட்கிறவர்களுக்கு: கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரம், ஆயிரம் பேர்கூட இல்லாத டுக்டோயாக்டுக் என்ற ஊருக்கு 2017-இல் நெடுஞ்சாலை திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 30 கோடி கனடிய டாலர். அதுவரை குளிர்காலத்தில் உறைந்த பனிமேல்தான் வண்டி போகும். எங்கள் கோஷாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோஷா முறையால் வாசல் தாண்டாத பெண்களுக்கென்று 1885-இல் மேரி ஷார்லீப் என்ற டாக்டர் ஓர் ஆஸ்பத்திரியையே தொடங்கினார்.

காடு அழியுமே என்ற கவலை நியாயமானது. வன உரிமைச் சட்டம் (2006), கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தில் சாலைக்கு இடம் தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. மூன்று மீட்டர் அகலப் பாதையென்றால் மூன்றேகால் கிலோமீட்டரிலேயே அந்த நிலம் தீர்ந்துவிடும். அதைத் தாண்டினால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அனுமதிக்கு அலைய வேண்டும். எனக்கு நாலுவழிச் சாலை வேண்டாம். சுற்றுலா விடுதிக்காரர்களுக்கு வழி போடவும் வேண்டாம். ஒரு மினி பஸ்ஸும் ஓர் ஆம்புலன்ஸும் ஏறினால் போதும்.

போட்ட சாலை நிலைக்கவும் வேண்டும். ஐப்பசி மழையில் மலைத் தண்ணீர் தார்மேல் பாய்ந்தால் அடுத்த கோடைக்குள் ஜல்லிதான் மிஞ்சும். ஓரக் கால்வாயும் சிறுபாலங்களும் முதல் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். பராமரிப்புப் பணம் ஆண்டுதோறும் தனியாக ஒதுக்கப்பட வேண்டும். சாலை திறக்கும் அன்றே பஸ் விட வேண்டும். சாமையையும் புளியையும் மலைக்காரர்கள் தலைச்சுமையாக இறக்கி, திரும்பச் சுமக்க முடியாமல் அடிவாரத்து வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுப்பது அப்போதுதான் நிற்கும். கர்ப்பிணியும் வலி வரும்வரை காத்திருக்காமல், மாதாமாதம் பரிசோதனைக்குத் தானே பஸ் ஏறி வருவாள்.