பக்கம் மாறும் சூரியன்

"சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறதே, சூரியனில் கரும்புள்ளிகள் கூடியதுதானே காரணம்?" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார். இல்லை. புள்ளிகள் மிகுந்த ஆண்டுக்கும் அருகிய ஆண்டுக்கும் சூரியன் தரும் ஆற்றலில் ஏறத்தாழ 0.1 சதவீதம்தான் வேறுபாடு. சித்திரையில் சூரியன் நம் தலைக்கு நேராக வருகிறது. ஆண்டுக்காண்டு சூடு ஏறுவதற்கு நாம் விடும் கரிப்புகையைத்தான் கேட்க வேண்டும். சூரியன்மேல் பழி போடுவது நியாயமில்லை.

புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகி அடங்குவதைப் பலரும் அறிவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கணக்கு. அந்தப் புள்ளிகள் வலுவான காந்தங்கள் என்று 1908இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் ஹேல் கண்டார். பெரும்பாலும் அவை இணையாக வரும்: முன்னே போவது ஒரு முனை, பின்தொடர்வது எதிர்முனை. சூரியனின் வடபாதியில் வடமுனை முன்னே போனால், தென்பாதியில் தென்முனை முன்னே போகும். அடுத்த 11 ஆண்டில் இரண்டும் தலைகீழ். விலக்குகள் மிகச் சிலவே.

சிறுவயதில் எங்கள் ஊர் வாலிபால் திடலில் பாயிண்ட் எழுதும் வேலை எனக்கு. செட் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். பலகையை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு செட்டும் ஒரே மாதிரிதான். ஆட்டக்காரர்கள் பழைய பக்கத்துக்குத் திரும்ப இரண்டு செட் ஆக வேண்டும். சூரியனுக்கும் அப்படித்தான், 22 ஆண்டு.

இதையெல்லாம் கண்டது பொறுமை. ஜெர்மனியின் டெசாவ் நகர மருந்துக்கடைக்காரர் ஷ்வாபே, புதனுக்கு உள்ளே ஒரு கோள் இருக்குமோ என்று 1826இலிருந்து சூரியனைப் பார்த்துக் குறித்துவந்தார். கோள் அகப்படவில்லை. 17 ஆண்டுக் குறிப்புகளிலிருந்து 1843இல் புள்ளிகளின் சுழற்சிதான் வெளிப்பட்டது.

நம் கொடைக்கானல் ஆய்வகத்திலும் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகளை இன்று உலக ஆய்வாளர்கள் கணினியில் பார்க்கிறார்கள். நம் பள்ளிச் சுற்றுலாக்களோ ஏரிப் படகோடும் குதிரைச் சவாரியோடும் திரும்பிவிடுகின்றன. இது எனக்கு ஆறாத வருத்தம். ஆசிரியர்களே, ஒரு மணி நேரம் அங்கேயும் வண்டியை நிறுத்துங்கள்.

2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆம் சுழற்சியில், வடபாதியில் வடமுனை முன்னே போகிறது. இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரி முடித்து மறுபடி கொடைக்கானல் ஏறும்போது, சூரியனின் வடபாதியில் தென்முனை முன்னே போய்க்கொண்டிருக்கும்.