வாழைச்சேனையின் இருவாட்டி வண்டல்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில், மாதுறு ஓயா வாழைச்சேனைக் களப்பினூடாகக் கல்குடாவுக்கு அருகே கடலைச் சேர்வதற்கு முன்னர் கடந்துவரும் தாழ்நிலங்களின் மண், வண்டல் என்னும் வகையைச் சார்ந்தது. இருந்த இடத்திலேயே பாறை சிதைந்து உருவாகும் மண்ணைப் போலன்றி, வேறிடங்களில் அரிக்கப்பட்ட துணிக்கைகளை ஓடும் நீர் சுமந்து வந்து, தன் வேகம் குன்றிய இடத்தில் படியவிடுவதால் இம்மண் உண்டாகின்றது. சீ. ஆர். பானபொக்க முதலிய மண்ணியலாளர்கள் வகுத்த இலங்கை மண் பாகுபாட்டில் வண்டல் தனியொரு பெருங்குழுவாக இடம்பெறுகின்றது. உலர் வலயத்து மேட்டு நிலங்களின் செங்கபில மண்ணும், கிழக்கு மாகாணத்தில் மிகுதியாகக் காணப்படும் கல்சியமற்ற கபில நிற மண்ணும், கடலோர மணல் மண்ணும் இதற்கு அயலில் உள்ள பிற குழுக்களாகும்.

வண்டல் என்பது மண் வந்து சேர்ந்த வழியைக் குறிக்க, இருவாட்டி என்பது அதன் இழையமைப்பை, அதாவது பருமன் வேறுபட்ட துணிக்கைகள் எந்த அளவில் கலந்துள்ளன என்பதைக் குறிக்கின்றது. 2 மில்லிமீற்றர் முதல் 0.05 மில்லிமீற்றர் வரையான துணிக்கை மணல் எனவும், அதற்கும் 0.002 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது மண்டி எனவும், அதனினும் நுண்ணியது களி எனவும் அழைக்கப்படும். மணல் 23 முதல் 52 வீதமும், மண்டி 28 முதல் 50 வீதமும், களி 7 முதல் 27 வீதமும் கொண்ட கலவையே பரவலாக வழங்கும் அமெரிக்க வகைப்பாட்டின்படி இருவாட்டி ஆகும். மணலுக்கு இடையிலுள்ள பெருந்துளைகள் மிகை நீரை வடியவிட, மண்டிக்கு இடையிலுள்ள நுண்துளைகள் வேர் உறிஞ்சக்கூடிய நீரைத் தேக்கிவைக்கின்றன. எனவே ஒரு மீற்றர் ஆழமான இருவாட்டி மண் ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிமீற்றர் மழைக்குச் சமமான நீரைப் பயிருக்குக் கொடுக்க வல்லது.

இக்கலவை ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே சீராக அமைவதில்லை. வெள்ளம் கரையைத் தாண்டும்போது அதன் வேகம் திடீரெனக் குறைவதால் பரும்படியான மணல் கரையோரத்திலேயே விழுந்து ஒரு நீண்ட மேட்டை உருவாக்குகின்றது. மேட்டுக்கு அப்பால் மணலும் மண்டியும் களியும் கலந்து படியும் சரிவில் இருவாட்டி அமைய, நீர் நாட்கணக்கில் தேங்கி நிற்கும் பின்புறத் தாழ்வில் களி மட்டுமே மெல்லப் படிகின்றது. ஆதலால் ஆற்றிலிருந்து சில நூறு மீற்றர் நடப்பதற்குள்ளேயே மரக்கறிக்கும் கச்சானுக்கும் ஏற்ற இளகிய மண்ணிலிருந்து, நெல்லைத் தவிர வேறெதுவும் எளிதில் விளையாத கடுங்களி வரை மண் மாறிவிடக்கூடும்.

குத்தாக ஒரு குழி வெட்டிப் பார்த்தால் இம்மண்ணின் மற்றோர் இயல்பு தெரியவரும். பிற மண்களில் மேலிருந்து கீழே செல்லச் செல்ல உக்கல், அதாவது சிதைந்த தாவர விலங்குப் பொருள், ஒழுங்காகக் குறைந்து செல்லும். வண்டலிலோ ஒவ்வொரு பெருவெள்ளமும் பழைய மேற்பரப்பைப் புதைத்துப் புதிய படையை இடுவதால், வெளிறிய மணற்படைக்குக் கீழே கரிய உக்கற்படை மீண்டும் தோன்றுவதுண்டு. இவ்வாறு வந்து சேரும் துணிக்கைகளில் கிழக்கிலங்கையின் அடிப்படையாயுள்ள விஜயன் தொகுதிப் பாறைகளின் பெல்சுப்பார், மைக்கா ஆகிய கனிமங்கள் அடங்கியிருப்பதால், அவை மெல்லச் சிதைந்து பொட்டாசியத்தை விடுவிக்கின்றன. எனினும் துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1980-களில் மாதுறு ஓயாவுக்குக் குறுக்கே அணை எழுந்த பின்னர், மேலிருந்து வரும் மண்டியில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுவதால், கீழ்நிலம் இயற்கையாகப் புதுப்பிக்கப்படும் வாய்ப்பு சுருங்கியுள்ளது.

இதே இழையமைப்புடைய வண்டல் பிற நாடுகளின் குளிர்ந்த மலைப் பள்ளத்தாக்குகளிலும் உண்டு; அதனோடு ஒப்பிட்டால் வாழைச்சேனை மண்ணில் வெப்பத்தின் விளைவு விளங்கும். அங்கே பனி உருகும் வேனிற்காலத் தொடக்கத்தில் ஆறு பெருகி மணலையும் மண்டியையும் பரப்ப, நிலத்தடி நீர் உயர்ந்து பின் தாழ்வதால் கீழ்ப்படைகளில் சாம்பல் நிறமும் துருநிறப் புள்ளிகளும் உண்டாகின்றன. ஆண்டுச் சராசரி மண் வெப்பநிலை 0 முதல் 8 பாகை செல்சியஸ் வரை உள்ள அத்தகைய மண்ணில் நுண்ணுயிர்கள் மந்தமாக இயங்குவதால், விழும் இலையும் புல்லும் முழுமையாகச் சிதையாது ஆண்டுதோறும் சேர்ந்து மேற்படையைக் கறுக்கச் செய்கின்றன. குளிர் உக்கலைக் காக்கும் இவ்வியல்பை இலங்கையிலேயே காணலாம்: கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியின் புல்வெளி மண் வண்டல் அல்லவாயினும், தடித்த கரிய மேற்படை அதன் தனி அடையாளமாகவே மண் பாகுபாட்டில் குறிக்கப்படுகின்றது.

வாழைச்சேனையில் மண் ஆண்டு முழுவதும் வெப்பமாகவே இருக்கின்றது. குளிர்காலம் என்னும் ஓய்வு நுண்ணுயிர்களுக்குக் கிடைப்பதில்லை. வெப்பநிலை 10 பாகை உயரும்போது சிதைவு வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதியாதலால், மலைப் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் தங்கும் உக்கல் இங்கே குறுகிய காலத்தில் கரைந்துவிடுகின்றது. இருவாட்டியில் களி கால்பங்கு அளவிலேயே, பெரும்பாலும் அதற்கும் குறைவாகவே, இருப்பதால் போசணைகளைப் பற்றிவைக்கும் பணியில் உக்கலுக்குப் பெரும்பங்கு உண்டு. அது குறைந்தால் இடப்படும் நைதரசனும் பொட்டாசியமும் மழைநீரோடு கீழே இறங்கிவிடும்.

சிதைவின் இவ்வேகத்தை ஓரளவு தணிப்பது நீர். வடகீழ்ப் பருவமழையின்போது மாரி வேளாண்மைக்காக வயலில் நீர் நின்றதும், மண்ணிலுள்ள ஒட்சிசன் ஓரிரு நாட்களிலேயே தீர்ந்துவிட, ஒட்சிசனின்றி வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் சேர்வைகளை வரிசையாகத் தாழ்த்தத் தொடங்குகின்றன. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இலங்கையரான பீலிக்ஸ் பொன்னம்பெரும இம்மாற்றங்களை விரிவாக ஆராய்ந்து 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட நீண்ட ஆய்வுரை இத்துறையின் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகின்றது. அமில மண்ணும் கார மண்ணும் நீரில் மூழ்கியபின் நடுநிலையை நெருங்குவதையும், இரும்போடு கட்டுண்டிருந்த பொசுபரசு விடுபட்டு நெல்லுக்குக் கிடைப்பதையும் இத்தகைய ஆய்வுகள் விளக்கின. மூழ்கிய மண்ணில் சிதைவும் மந்தமாவதால், ஓரளவு உக்கலாவது வயலில் எஞ்சுகின்றது.

களப்பை அண்டிய வயல்களில் வேறொரு சிக்கல் எழுகின்றது. வாழைச்சேனைக் களப்பின் நீர் கடலோடு கலந்து உவர்ப்பதால், மழை ஓய்ந்து ஆற்றின் வரத்துக் குறையும் மாதங்களில் உப்பு நிலத்தடி நீரினூடாக மேலேறுகின்றது. மணலில் துளை பெரிதாதலால் நீர் அதிக உயரம் ஏறாது. களியில் மிக மெல்லவே ஏறும். இருவாட்டியிலோ போதிய உயரத்துக்கு விரைவாகவே ஏறி, வெயிலில் ஆவியாகி, உப்பை மேற்பரப்பில் விட்டுச்செல்லும். நீரைத் தேக்கித் தரும் அதே நுண்துளைகளே இத்தீங்குக்கும் வழியாகின்றமையால், பருவமழையின் முதல் நீரை வயலில் நிறுத்தி உப்பைக் கரைத்து வடியவிட்ட பின்னரே நாற்றோ விதையோ இடுவது இந்நிலங்களுக்கு ஏற்ற முறையாகும்.

உக்கல் விரைவில் கரைந்துவிடும் இப்பின்னணியிலேயே வைக்கோலின் மதிப்பும் விளங்கும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகின்றது. ஒரு தொன் உலர்ந்த வைக்கோலில் ஏறத்தாழ 12 முதல் 17 கிலோகிராம் பொட்டாசியம் இருக்கும். 1950-களில் வாழைச்சேனையில் நிறுவப்பட்ட காகித ஆலை இப்பகுதியில் மலிந்திருந்த வைக்கோலையே மூலப்பொருளாகக் கொண்டது. காகிதமாக மாறினும், மாட்டுக்குத் தீனியாகினும், களத்திலேயே எரிக்கப்படினும் வைக்கோலின் கரிமப்பொருள் பெரும்பாலும் நிலத்துக்குத் திரும்புவதில்லை. எரித்தால் பொட்டாசியம் சாம்பலில் எஞ்சினும் நைதரசனின் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடும். மாறாக, விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பாக அதனை உழுது புதைத்தால் போசணையும் உக்கலும் ஒருசேரக் கிட்டும். விதைப்பை ஒட்டிப் புதைத்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைத் தமக்கே எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளிக்கும்.

ஒரு நிலம் இருவாட்டி வகைப்பட்டதா என்பதை அறிய ஆய்வுகூடம் இல்லாமலே எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிப் போத்தலில் மண்ணையும் நீரையும் இட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்துக்குள்ளும் மண்டி சில மணி நேரத்திலும் அடியில் படிய, களி நாட்கணக்கில் கலங்கியே நிற்கும். படைகளின் தடிப்பை ஒப்பிட்டால் இழையமைப்பைத் தோராயமாகக் கணிக்கலாம். இழையமைப்பு ஒரு விவசாயியின் காலத்தில் மாறக்கூடியதன்று. உக்கலின் அளவும் உப்பின் அளவும் ஒவ்வொரு போகத்திலும் மாறக்கூடியவை. எனவே மலைப் பள்ளத்தாக்கில் குளிர் செய்துகொடுக்கும் சேமிப்பை, வாழைச்சேனை வண்டலில் வைக்கோலையும் எருவையும் போகந்தோறும் மண்ணில் சேர்ப்பதன் மூலமே ஈடுசெய்ய முடியும்.