சைபர்பங்கின் தாய்வீடு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

அறிவியல் புனைகதை ரசிகர்கள் நான்கு பேர் கூடினால் இரண்டு பேச்சு தவறாமல் வரும். ஒன்று, சைபர்பங்க் நாவல்களில் எது சிறந்தது என்பது. வில்லியம் கிப்சனின் ‘நியூரோமான்சர்’ என்பார் ஒருவர். நீல் ஸ்டீபன்சனின் ‘ஸ்னோ கிராஷ்’ என்பார் இன்னொருவர். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, பாட் காடிகனின் ‘சின்னர்ஸ்’தான் என்று மூன்றாமவர் பிடிவாதம் பிடிப்பார். மற்றது பழைய டிவி தொடர்கள் பற்றிய பேச்சு: ‘டாக்டர் ஹூ’, ‘ஸ்டார் ட்ரெக்’, ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’, ‘மேக்ஸ் ஹெட்ரூம்’. முதல் பேச்சில் விமர்சகர்களாக இருந்தவர்கள் இரண்டாவதில் பத்து வயதுப் பிள்ளைகளாகிவிடுவார்கள். அதனாலேயே நாவல் பேச்சு வேறு, டிவி பேச்சு வேறு என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சைபர்பங்க் கணினியிலிருந்து பிறந்தது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதன் தாய்வீடு தொலைக்காட்சி என்பது என் கட்சி.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980களில் வட அமெரிக்காவின் இளைய எழுத்தாளர்கள் சிலர் விண்கப்பல்களையும் வேற்றுக்கிரகங்களையும் விட்டுவிட்டு, நெரிசலான நகரங்களின் சந்துகளில் கதையை இறக்கினார்கள். அரசாங்கங்களைவிடப் பெரிய கம்பெனிகள், உடம்புக்குள் பொருத்திய கருவிகள், தகவலைத் திருடிப் பிழைக்கும் நாயகர்கள் என்று அந்த உலகம் இருந்தது. புரூஸ் ஸ்டெர்லிங் 1986இல் தொகுத்த ‘மிரர்ஷேட்ஸ்’ சிறுகதைத் தொகுப்பு இவர்களை ஒரு கூட்டமாக அடையாளம் காட்டியது.

இந்தக் கூட்டத்தின் பெரிய புத்தகம் 1984இல் வந்த ‘நியூரோமான்சர்’. ஹியூகோ, நெபுலா, பிலிப் கே. டிக் ஆகிய மூன்று விருதுகளையும் சேர்த்து வாங்கிய முதல் நாவல் அதுதான். கிப்சன் அதைக் கணினியில் எழுதவில்லை. பழைய கைத்தட்டச்சுப் பொறியில் தட்டினார். கணினி எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்கு அப்போது பெரிதாகத் தெரியாது. அவர் பார்த்தது வான்கூவர் நகரத்து வீடியோ கேம் கூடங்களில் நின்றுகொண்டிருந்த பிள்ளைகளை. திரையை நோக்கிச் சாய்ந்து, அதற்குப் பின்னால் நிஜமாகவே ஓர் இடம் இருப்பதாக நம்பியவர்களைப் போல அவர்கள் நின்ற நிலை அவரைப் பிடித்துக்கொண்டது. 1982இல் ‘ஆம்னி’ இதழில் வந்த ‘பர்னிங் குரோம்’ கதையில் அந்த இடத்துக்கு ‘சைபர்ஸ்பேஸ்’ என்று பெயர் வைத்தார். ஆக, அவருடைய கற்பனை திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதனிடமிருந்து தொடங்கியது, இயந்திரத்தின் உள்ளேயிருந்து அல்ல.

நாவலின் முதல் வரியே டிவியைப் பற்றியதுதான் என்பது ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தின் மேலிருக்கும் வானத்தை, ஒளிபரப்பு வராத திரையின் நிறத்துக்கு ஒப்பிடுகிறார் கிப்சன். இதை வைத்து ஒரு ரசிகரின் வயதைக்கூட ஊகித்துவிடலாம். ஆன்டெனா காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வானம் புள்ளிகள் இரையும் சாம்பல். சிக்னல் இல்லையென்றால் நீலத் திரை காட்டும் டிவியோடு வளர்ந்தவர்களுக்கு அதே வானம் பளிச்சென்ற நீலம். வரி ஒன்றுதான், இரண்டு வானம் வந்துவிடுகிறது. முதலாவதுதான் கிப்சன் எழுதிய வானம் என்பதில் சந்தேகமில்லை. அந்தச் சாம்பல் இல்லாமல், கதை தொடங்கும் சிபா நகரத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கும் சோர்வு சரியாக வராது.

ஆனால் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு நான் இவ்வளவு பேசவில்லை. ‘சிம்ஸ்டிம்’ என்று ஒன்று அந்த நாவலில் வருகிறது. ஒருவருடைய கண், காது, தோல் உணர்வதையெல்லாம் அப்படியே இன்னொருவருக்கு ஒளிபரப்பும் ஏற்பாடு. அதற்கென்று நட்சத்திரங்கள் இருக்கிறார்கள், தொடர்கள் இருக்கின்றன, விட முடியாத பார்வையாளர்களும் இருக்கிறார்கள். அடுத்த நாவலான ‘கவுண்ட் ஜீரோ’வில் பாபி என்ற பையனின் அம்மா நாள் முழுக்க சிம்ஸ்டிம் தொடர்களில் கிடக்கிறாள். மதியத் தொடர் பார்க்கும் பழக்கத்தை நரம்புக்குள் செலுத்தினால் இதுதான் வரும்.

‘நியூரோமான்சர்’ நாயகன் கேஸ், மாலி என்ற பெண்ணின் புலன்கள் வழியாக ஒரு பெரிய திருட்டைப் பின்தொடர்கிறான். ஒரு சுவிட்சைத் தட்டினால் அவள் பார்ப்பது தெரியும், இன்னொரு முறை தட்டினால் சைபர்ஸ்பேஸ். சேனல் மாற்றுகிறான், அவ்வளவுதான். அவளுக்குக் கால் உடையும்போது அந்த வலி இவனுக்கும் வந்து சேர்கிறது. ஆனால் அந்த வழியாகப் பதில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இணையம் இரண்டு பக்கமும் பேசும். டிவி ஒரு பக்கம் மட்டுமே பேசும். கிப்சன் கட்டிய உறவு டிவியின் உறவு. நாவலின் துயரம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்: ஒருத்தியின் உடம்புக்குள்ளேயே இருந்தும் அவளிடம் பேச முடியாதவன்.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் எழுதிய ஆலிஸ் ஷெல்டன் 1973இல் ‘தி கேர்ள் ஹூ வாஸ் பிளக்ட் இன்’ என்ற குறுநாவலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது. விளம்பரம் தடை செய்யப்பட்ட ஒரு வருங்காலம். பொருள்களை விற்க ஒரே வழி, அழகான பிரபலங்கள் அவற்றைப் பயன்படுத்துவதை மக்கள் பார்க்க வைப்பது. அப்படி ஓர் அழகிய உடம்பைத் தயாரித்து, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு பெண்ணை வேறெங்கோ ஓர் அறையில் வைத்து, அவள் மூளையால் அந்த உடம்பை இயக்குகிறார்கள். இன்றைக்குச் செல்போனில் பொருள் விற்கும் இன்ஃப்ளூயன்சர்களைப் பார்த்துவிட்டு இந்தக் கதையைப் படித்தால் உடம்பு சில்லிடும். டிப்ட்ரீ இதை எழுதியபோது அவர் கண்முன் இருந்தது இணையம் அல்ல. விளம்பரக்காரர்களின் காசில் ஓடிய அமெரிக்க டிவி.

இப்போது தொடர்கள் பக்கம் வருவோம். நாவலாசிரியர்கள் டிவியை யோசித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதற்கு முன்பும், டிவி தன்னைத்தானே யோசித்துக்கொண்டிருந்தது.

1964 அக்டோபரில் ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரில் ஹார்லன் எலிசன் எழுதிய ‘டீமன் வித் எ கிளாஸ் ஹேண்ட்’ ஒளிபரப்பானது. நாயகனின் கண்ணாடிக் கை ஒரு கணினி. விரல்கள் சில இல்லை, அவை கிடைக்கக் கிடைக்கத்தான் அது முழு உண்மையைச் சொல்லும். கடைசியில் தெரியவருவது: 7,000 கோடி மனிதர்கள் மின்சாரக் குறிகளாக மாற்றப்பட்டு, அவன் உடம்புக்குள்ளிருக்கும் ஒரு கம்பியில் பதிந்திருக்கிறார்கள். ஒரே கட்டடத்தில், சொற்பச் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தது. அந்தக் கட்டடம் லாஸ் ஏஞ்சலஸின் பிராட்பரி கட்டடம். 1982இல் ‘பிளேடு ரன்னர்’ படத்தின் உச்சக்காட்சி நடப்பதும் அதே இரும்புக் கிராதிப் படிக்கட்டுகளுக்கு நடுவேதான். ‘நியூரோமான்சர்’ எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் படத்துக்குப் போன கிப்சன், தன் உலகத்தை யாரோ முந்திக்கொண்டு காட்டிவிட்டார்கள் என்று பயந்து, சற்று நேரத்திலேயே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

1973இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்காக ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் ‘வெல்ட் ஆம் ட்ராட்’ என்ற இரண்டு பாகப் படத்தை எடுத்தார். மூலம் டேனியல் கலூயி 1964இல் எழுதிய ‘சிமுலாக்ரான்-3’ நாவல். கணினிக்குள் ஒரு முழு நகரம், அதில் தாங்கள் பொம்மைகள் என்று தெரியாத மனிதர்கள். மூலநாவலில் அந்த நகரம் எதற்காகக் கட்டப்படுகிறது தெரியுமா? எந்தச் சரக்கு விற்கும் என்று மக்களிடம் கருத்துக்கணிப்பு எடுக்கும் வேலையை மிச்சம் பிடிக்க. மறுபடி பார்வையாளரை எண்ணும் வேலைதான். ஃபாஸ்பிண்டரிடம் தந்திரக் காட்சிக்குப் பணமில்லை. அறைக்கு அறை கண்ணாடிகளை நிறுத்தினார். எது ஆள், எது பிம்பம் என்று நமக்கே குழம்பிப் போகிறது.

1976இல் ‘டாக்டர் ஹூ’வில் ‘தி டெட்லி அசாசின்’ என்ற நான்கு பகுதிக் கதை வந்தது. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். தொடரின் நாயகனான டாக்டர், தன் இனத்தவரான காலப் பிரபுக்களில் இறந்துபோனவர்களின் மனங்களைச் சேர்த்துவைத்த ஒரு கணினிக்குள் நுழைகிறார். உள்ளே நடப்பதெல்லாம் மனத்தோற்றம். ஆனால் அங்கே செத்தால் வெளியேயும் சாவுதான். அந்த இடத்தின் பெயர் மேட்ரிக்ஸ். ஆம், 1976இல். அதை எப்படி எடுத்தார்கள் என்பது இன்னும் அருமை. கல்குவாரியிலும் காட்டிலும், டாக்டராக நடித்த டாம் பேக்கரை ஓடவிட்டார்கள். மணலுக்குள் ஒரு கண்ணாடி, அதில் சிரிக்கும் கோமாளி முகம். கெட்ட கனவில் எப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருமோ அப்படி. பிற்காலத்து ‘மேட்ரிக்ஸ்’ படத்தின் பச்சை எண் மழையைவிட இது எனக்கு அதிக நிஜமாகத் தெரிகிறது. மூன்றாம் பகுதி டாக்டரின் முகம் தண்ணீருக்குள் அமுக்கப்பட்ட நிலையில் உறைந்து முடிந்ததற்கு மேரி வைட்ஹவுஸ் என்ற பிரசாரகர் பெரிய எதிர்ப்புக் கிளப்பினார். பிபிசி அந்தக் காட்சியைப் பிறகு வெட்டியது.

எல்லாம் வந்து சேரும் இடம் 1985. பிரிட்டனின் சேனல் 4, பாட்டு வீடியோக்களைத் தொகுத்து வழங்க கணினியால் ஆன ஒரு முகம் வேண்டும் என்று ‘மேக்ஸ் ஹெட்ரூம்’ என்ற பாத்திரத்தை உருவாக்கியது. அவனுக்கு ஒரு பூர்வகதை வேண்டுமே என்று ஒரு டிவி படமும் எடுத்தார்கள். நெட்வொர்க் 23 என்ற சேனலின் நிருபர் எடிசன் கார்ட்டர் ஒரு ரகசியத்தைத் துருவுகிறான். பார்வையாளர்கள் சேனல் மாற்றுவதற்குள் விளம்பரத்தைக் காட்டிவிட வேண்டும் என்று அதைச் சில விநாடிகளுக்குள் அமுக்கி ஒளிபரப்பியதில் ஒரு மனிதனின் உடம்பே வெடித்துவிட்டது. செய்தது கார்ட்டர் வேலை பார்க்கும் அதே சேனல். தப்பி ஓடும்போது விபத்தில் விழுகிறான். அவன் மனத்தைக் கணினியில் நகலெடுக்கிறார்கள். திக்கித் திக்கிப் பேசும் மேக்ஸ் பிறக்கிறான். மேக்ஸின் பெயர், மோதுவதற்கு முன் கடைசியாகக் கார்ட்டரின் கண்ணில் பட்ட உயர எச்சரிக்கைப் பலகையில் இருந்தது.

மேக்ஸின் முகம் கணினி வரைந்தது அல்ல. நடிகர் மேட் ஃப்ரூவருக்கு மணிக்கணக்கில் ஒப்பனை போட்டு, நுரை ரப்பரை முகத்தில் ஒட்டி, விறைப்பான ஃபைபர்கிளாஸ் கோட்டை மாட்டிவிட்டார்கள். எந்த இயந்திரமும் அப்போது அப்படி ஒரு முகத்தை வரைந்திருக்க முடியாது. மனிதன் கணினியாக நடித்தான், உலகம் நம்பியது.

1987இல் அமெரிக்காவின் ஏபிசி இதைத் தொடராக்கியபோது அந்த உலகம் இன்னும் விரிந்தது. டிவியில் நிறுத்தும் பொத்தான் வைப்பது சட்டவிரோதம். பார்வையாளர் எண்ணிக்கை நொடிக்கு நொடி ஏறி இறங்க, அதை வைத்தே தேர்தல் முடிவாகிறது. எந்தப் பதிவேட்டிலும் தங்கள் பெயர் இல்லாமல் செய்துகொண்ட மனிதர்கள் தெருவில் வாழ்கிறார்கள். மொத்தம் 14 பகுதிகள்தான், அதற்குள் நிறுத்திவிட்டார்கள். விளம்பரத்தையே வில்லனாக்கிப் பிறந்த மேக்ஸ், அதற்கு முந்தைய ஆண்டே கோகோ கோலாவுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். சைபர்பங்க் எச்சரித்த வலையிலேயே சைபர்பங்க் மாட்டிய முதல் சம்பவங்களில் இது ஒன்று.

தொடர் வந்த அதே 1987இல், நவம்பர் 22 இரவு, சிகாகோவில் இரண்டு நிலையங்களின் ஒளிபரப்பில் யாரோ குறுக்கே புகுந்தார்கள். முதலில் ஒரு செய்தி அறிக்கையின் நடுவில், பிறகு ‘டாக்டர் ஹூ’ ஓடிக்கொண்டிருந்தபோது. திரையில் மேக்ஸ் ஹெட்ரூம் முகமூடி அணிந்த ஓர் உருவம், பின்னால் ஆடும் நெளிதகடு. இரண்டாவது ஊடுருவல் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் நீடித்தது. செய்தது யார் என்று இன்றுவரை வெளிவரவில்லை. நாவல்களில் ஹேக்கர்கள் கம்பெனிக் கணினிகளுக்குள் புகுந்துகொண்டிருக்க, நிஜத்தில் ஒருவன் கைவைத்தது டிவி அலையில்.

மறுப்பும் உண்டு, அது நியாயமானதே. ஜான் பிரன்னரின் ‘தி ஷாக்வேவ் ரைடர்’ 1975இலேயே வலைப்பின்னலில் ஊர்ந்து பரவும் நிரலைக் கற்பனை செய்தது. வெர்னர் விஞ்சி 1981இல் ‘ட்ரூ நேம்ஸ்’ எழுதினார். கணினி அவருக்குத் தொழிலாகவே தெரியும். ஸ்டீபன்சனும் நிரல் எழுதத் தெரிந்தவர். 1992இல் வந்த ‘ஸ்னோ கிராஷ்’ படித்துத் தொடங்குபவர்களுக்கு என் பேச்சு விசித்திரமாக இருக்கும். அவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. இவை கணினியிலிருந்து பிறந்த புத்தகங்கள்தான். ‘எது முன்கூட்டியே சொன்னது’ என்ற போட்டியில் இவை ஜெயிக்கும். ஆனால் ‘எது வலிக்கிறது’ என்று கேட்டால் டிவியோடு வளர்ந்தவர்களின் கதைகள்தான் நிற்கும். கிப்சன் 1948இல் பிறந்தவர், காடிகன் 1953, ஸ்டெர்லிங் 1954. டிவியோடு சேர்ந்து வளர்ந்த தலைமுறை.

அந்த மூன்றாமவரின் பிடிவாதத்துக்கு நான் கை கொடுப்பதும் இதனால்தான். 1991இல் வந்த ‘சின்னர்ஸ்’ பாட்டு வீடியோ எடுப்பவர்களைப் பற்றிய நாவல். மூளையில் துளையிட்டு, மனத்தில் ஓடும் படத்தை நேராக வெளியே எடுக்கிறார்கள். எம்டிவி தொடங்கிப் பத்தாண்டு ஆகியிருந்த நேரம். அந்தத் துளை வழியாக ஒருவனுடைய மூளைப் பக்கவாதமே வலைப்பின்னலுக்குள் பரவிவிடுகிறது. ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்ற இந்தப் புத்தகத்தை ரசிகர்கள் வேண்டிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

ரசிகர் பேச்சை வெட்டிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிபிசி 1960களின் ‘டாக்டர் ஹூ’ நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் படமாக இன்றைக்கு இல்லை. ஆனால் காணாமல்போன ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. வீட்டு டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த பிள்ளைகள் காப்பாற்றியது அது. வெளிநாட்டுக்கு விற்ற பிரதிகளைத் தேடி அலைந்தவர்களுக்கு, 2013இல் அறிவித்தபடி, நைஜீரியாவில் ஒன்பது பகுதிகள் கிடைத்தன. நிறுவனம் குப்பை என்று நினைத்ததைப் பேசிப் பேசியே வைத்திருந்தவர்கள் ரசிகர்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். நேராக ‘நியூரோமான்சர்’ வேண்டாம். முதல் ஐம்பது பக்கத்தில் மூச்சு முட்டும். ‘தி டெட்லி அசாசின்’ பாருங்கள், குறிப்பாக மூன்றாம் பகுதி. பிறகு டிப்ட்ரீயின் குறுநாவலை ஒரே உட்காரலில் படித்துவிடலாம். அதற்குப் பிறகு மேக்ஸின் 1985 படம், ஒரு மணி நேரம்தான். அப்புறம் ‘நியூரோமான்சர்’ எடுங்கள், சிம்ஸ்டிம் வரும் பக்கங்களில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். ‘சின்னர்ஸ்’ கடைசி. அதில் யார் யார் என்று பிடிபடவே நேரமாகும். ஒரு தாளில் பெயர்களைக் குறித்துக்கொண்டு படியுங்கள், ஜீனா என்ற பெயரை முதலில் எழுதுங்கள்.