தள்ளாட்டமெல்லாம் போதையல்ல

காலை எட்டு மணிக்குத் தெருவில் ஒருவர் தள்ளாடி நடந்து வந்தால், பார்ப்பவர்கள் முதலில் என்ன சொல்வார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததே. "விடிஞ்சும் விடியாததுமா ஊத்திக்கிட்டான்!" மேஸ்திரி அவரைச் சாரத்தில் ஏற்ற மாட்டார். பஸ் கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார். பேச்சும் சற்றுக் குழறுமானால் தீர்ப்பே எழுதியாகிவிடும். அந்த மனிதர் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டே இராதவராகவும் இருக்கலாம்.

இந்தத் தள்ளாட்டத்துக்கு டாக்டர்கள் இட்டிருக்கும் பெயர் 'அட்டாக்ஸியா'. கிரேக்க மொழியில் ஒழுங்கின்மை என்று பொருள். கை கால்களில் வலு இருக்கும். எங்கே எவ்வளவு வலுவைச் செலுத்துவது என்ற கணக்குத்தான் தவறிப்போகும். அந்தக் கணக்கைப் போடுவது தலையின் பின்புறம், பிடரிக்குச் சற்று மேலே அமைந்திருக்கும் சிறுமூளை. அது பழுதுபட்டால் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் தளும்புகிறது. சட்டைப் பொத்தான் துளையில் நுழைய மறுக்கிறது. இருட்டில் படியிறங்குவது பெரும் சோதனையாகிறது. ஆபீஸ் குமாஸ்தாவானால், கையெழுத்துப் பொருந்தவில்லை என்று பாங்கிலிருந்து திரும்பி வரும் செக்கே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இது ஒரே வியாதி அல்ல. பல வியாதிகளுக்கு உரிய ஓர் அடையாளம். சிலவற்றைத் தீர்த்துவிடலாம் அல்லது மேலும் முற்றாமல் தடுத்துவிடலாம். வலிப்புக்கென்று தரும் பினைட்டாயின் மாத்திரை அளவு மீறினாலும் நடை தள்ளாடும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி-12 அல்லது வைட்டமின் ஈ குறைவு, சிறுமூளையில் கட்டி, நெடுநாள் குடி ஆகியவையும் காரணமாகலாம். (ஆகவே ஊர் சொல்வது சில வேளைகளில் மெய்யாகவும் இருந்துவிடும். அப்போதும் அவருக்கு வேண்டியது வைத்தியமே.) ஒரே நாளில் திடீரென்று தள்ளாட்டமும் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். அப்போது ஒரு நிமிஷமும் தாமதியாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும்.

எஞ்சியவற்றில் பெரும் பகுதி வம்சத்தில் வருவது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் டாக்டர் பிரீட்ரைக் 1863-ல் விவரித்த வகை, பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கி, நடையோடு இருதயத்தையும் தாக்குகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது பிள்ளைக்கு வரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் பெண்ணெடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இத்தகைய வியாதிகளுக்கு வாய்ப்பு அதிகம். வேறு சில வகைகளுக்கு ஒருவரின் மரபணுவே போதும். பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண் மிக மெதுவாக அசையும் ஒரு வகையை ஒன்பது இந்தியக் குடும்பங்களில் கண்டு, 1971-ல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் நோஷிர் வாடியாவும் அவருடைய சகாவும். தமிழகத்தில் ஒரு சமூகத்தாரிடையே முதல் வகை எனப்படும் அட்டாக்ஸியா மிகுந்திருப்பதை 2005-ல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனவே இது எங்கோ சீமையில் வரும் நோய் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

நடையைக் கெடுக்கும் நோய்க்கு வைத்தியம் பார்க்கவே நிறைய நடக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இதிலுள்ள விபரீதம். நரம்பியல் டாக்டர் ஒரு நாள், இருதயப் பரிசோதனை ஒரு நாள், கண் ஒரு நாள், ஸ்கேன் ஒரு நாள், உடற்பயிற்சிப் பிரிவு ஒரு நாள், மரபணு ரத்தப் பரிசோதனை ஒரு நாள். இவர்கள் அனைவரையும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் கூட்டி வைப்பதே 'பல்துறை கிளினிக்' என்ற ஏற்பாடு. லண்டன் குயின் ஸ்கொயரிலும் ஷெஃபீல்டிலும் அட்டாக்ஸியாவுக்கென்றே இத்தகைய மையங்கள் உண்டு. டில்லி எய்ம்ஸ் நரம்பியல் துறையிலும் இந்நோய்க்கென்று தனி கிளினிக் இருக்கிறது. மரபணு ஆராய்ச்சியில் டில்லியிலேயே உள்ள மத்திய அரசின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம் அத்துடன் சேர்ந்து பணியாற்றி வந்திருக்கிறது.

பெரும்பாலான வகைகளைக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. பிரீட்ரைக் வகையின் வேகத்தைக் குறைப்பதற்கென ஒரு மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. மருந்து இல்லையென்றால் கிளினிக் எதற்கு என்று கேட்கலாம். ஜெர்மனியில் 2009-லும் ஜப்பானில் 2012-லும் வெளியான ஆய்வுகளில், நான்கு வார காலம் தீவிரமாகப் பயிற்சி தந்தபோது நோயாளிகளின் நடையும் சமநிலையும் கண்கூடாகத் திருந்தின. விழுங்குவதைக் கவனிக்கும் நிபுணரின் வேலையும் சிறியதல்ல. கஞ்சி தடையின்றி இறங்கும். வெறும் தண்ணீர்தான் புரையேறும். புரையேறியது நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சலாகி உயிரையே பறிப்பதுண்டு. எதை எவ்வளவு கெட்டியாக, தலையை எப்படி வைத்துக்கொண்டு குடிப்பது என்று பத்து நிமிஷத்தில் சொல்லித்தர முடியும். அதற்காகத் தனியே ஒரு நாள் கூலியை இழந்து வருவார் யார்?

இந்தக் கூலிக் கணக்கு மதராசி கேம்ப்வாசிகளுக்கு நன்கு புரியும். ஜங்புராவில் பாராபுல்லா நாலாவை ஒட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த அந்தக் குடியிருப்பு, நாலாவைச் சீர்செய்வதற்காக ஐகோர்ட் உத்தரவின்படி 2025 ஜூன் 1-ந் தேதி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகள். தகுதியுள்ளவை என்று பட்டியலில் ஏறிய குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கேம்பிலிருந்து எய்ம்ஸ் ஐந்தாறு கிலோமீட்டர். நரேலாவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அட்டாக்ஸியா உள்ள ஒருவர் கேம்பிலிருந்து ஆறு முறை போய் வந்தாலும் மொத்தம் 72 கிலோமீட்டருக்கு மேல் போகாது. நரேலாவிலிருந்து ஒரே ஒரு முறை போய் வந்தாலே 80. ஆறு முறையென்றால் 480! தனியே வர இயலாதவருக்குத் துணைக்கு ஒருவர் வேண்டுமென்பதால், இழக்கும் கூலியும் இரண்டு. ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு சமநிலை தவறாமல் வருவது வேறு. ஆறு நாள் வேலையை ஒரு நாளில் முடித்துத் தரும் கிளினிக் நரேலாக்காரருக்கு வசதி மட்டுமல்ல. வைத்தியம் நடப்பதும் நடவாததும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

பாஷையும் ஒரு தூரம்தான். குழறும் நாவைத் திருத்தும் பயிற்சி அவரவர் தாய்மொழியிலேயே நடக்க வேண்டும். ஹிந்திச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நம்மூர் 'ழ'கரத்தைச் சீர்படுத்த முடியாது. டாக்டர் ஹிந்தியில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, தலைநகரின் தமிழ்ப் பள்ளியில் படித்த மகனோ மகளோதான் வழக்கமாகக் கூட வருவார்கள். ரத்த அழுத்தம், மாத்திரை அளவு என்றால் பாதகமில்லை. வம்சத்தில் வரும் வகையானால் டாக்டர் சொல்லப்போவது, "உங்கள் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்பதே. அதைத் தந்தைக்கு மொழிபெயர்க்க வேண்டிய பிள்ளை தன்னைப் பற்றிய செய்தியைத் தானே உரக்கச் சொல்ல நேர்கிறது. பதினாறு வயதுப் பையன் அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்லேப்பா, எக்ஸர்ஸைஸ் பண்ணச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டால் அவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மரபணு ஆலோசகர் ஒருவரும் உளநல ஆலோசகர் ஒருவரும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பது இதனாலேதான். அந்த ஒரு நாளைக்கு மட்டும் பிள்ளையை வீட்டில் விட்டு, ஹிந்தி தெரிந்த சிநேகிதர் ஒருவரையோ தூரத்து உறவினரையோ அழைத்துப் போவது நல்லது. நோய்க்குறி ஏதுமில்லாத சிறுவர்களுக்கு மரபணுச் சோதனை செய்வதில்லை. வயது வந்தபின் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானிக்கலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்றால் சில சலுகைகள் உண்டு. நடமாட்டக் குறைபாட்டினால் துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாது என்று சான்றுள்ளவருக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும், ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதம் கட்டணக் குறைப்பு. கிராண்ட் டிரங்கிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஊருக்குப் போய் வருபவர்களுக்கு இது சிறிய தொகையல்ல.

கிளினிக்குக்கு முதல் முறை போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். நடக்கும் விதத்தைச் செல்போனில் படமெடுத்துக் காட்டலாம். அதைவிட முக்கியம், முந்தின நாள் இரவு ஊருக்குப் போன் செய்து பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்வது: தாத்தா எந்த வயதில் தடி ஊன்றத் தொடங்கினார், குடிகாரர் என்று பெயரெடுத்த சித்தப்பா மெய்யாகவே குடித்தாரா, அத்தை மாமாவுக்குச் சொந்தத்தில் கொடுக்கப்பட்டவரா.