டிரெய்லர் தளத்துக்குப் புதுப் பலகை

கும்பப்பூ அறுப்பு முடிந்து நெல்லு வீடு வந்து சேர்ந்துவிட்டால் டிராக்டருக்கும் கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வு நாளில் டிரெய்லருக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள். இப்போது வருகிற டிரெய்லர்களில் பெரும்பாலும் இரும்புத் தகடுதான் தளம். ஆனால் மரப்பலகை போட்ட பழைய வண்டி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

மேலே இருந்து பார்த்தால் பலகை நன்றாகத்தான் தெரியும். தோளில் நெல் மூட்டையோடு ஒருவர் அதன்மேல் கால் வைக்கிறபோதுதான் முறியும். கால் முட்டுவரை உள்ளே போய்விடும், மூட்டையும் ஆள்மேலேயே விழும். பலகைக் காசை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு தொழிலாளியின் காலைப் போக்கிவிடக் கூடாது, இல்லையா?

பலகை ஏன் கெடுகிறது? மழையில் நனைவதால் மட்டும் மரம் உளுத்துப் போகாது. நனைந்தது காயாமல் கிடந்தால்தான் கேடு. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால், அதை அரிக்கிற பூசணம் வளராது. நம்ம மாவட்டத்திலோ வைகாசி கடைசியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டுக்கு இரண்டு மழை. இடையில் காய்கிற காலம் குறைவு. பலகை இரும்புச் சட்டத்தில் உட்காருகிற இடத்திலும், இரண்டு முனைகளிலும், ஆணித் துளையிலும் தண்ணீர் தங்கும். கேடு தொடங்குவது அங்கேதான்.

சோதிப்பது சுலபம். ஒரு திருப்புளியை எடுத்து, சட்டத்தை ஒட்டின இடத்தில் அடிப்பக்கமாகக் குத்திப் பாருங்க. நல்ல பலகை முனையை உள்ளே விடாது. கெட்ட பலகையில் கால் அங்குலம் சாதாரணமாக இறங்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் ‘டங்’ என்று கேட்கும், உளுத்தது ‘பொத்’ என்று கேட்கும். நாலு பலகையில் ஒன்று போயிருந்தாலும் மொத்தத் தளத்தையும் மாற்றிவிடுவது நல்லது. மற்றதும் பின்னாலேயே வரும்.

சரி, எந்த மரம்? தேக்கு முதல் தரம், ஆனால் விலை கூடுதல். நம்ம பக்கத்தில் விளைகிற அயினி போதும். தண்ணீரிலேயே கிடக்கிற வள்ளம் கட்டப் பேர்போன மரம் அது. ஆனால் எந்த மரமானாலும் நடுவில் உள்ள வைரம்தான் நிற்கும். பட்டையை ஒட்டின வெள்ளைப் பகுதி தேக்கிலும் நிற்காது. தடி மில்லில் பலகை எடுக்கும்போது வெள்ளையை ஒதுக்கித் தரச் சொல்லுங்க.

குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும். போராக்ஸ் மருந்து ஏற்றின ரப்பர் பலகை வீட்டுக்குள் நாற்காலி, மேசைக்கு நல்லது. மழையில் நிற்கிற வண்டிக்கு ஆகாது, மருந்து மழைத் தண்ணீரோடு கரைந்து போய்விடும். மாமரமும் வேண்டாம்.

பலகையின் கனம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். ஒரு அங்குலப் பலகையைவிட ஒன்றரை அங்குலப் பலகை இரண்டேகால் மடங்கு பாரம் தாங்கும். கூடக் கொடுக்கிற காசு வீண் போகாது.

பச்சைப் பலகையை உடனே அடிக்காதீங்க. காயும்போது அது சுருங்கும், கோணும், போல்ட்டும் தளரும். மார்கழியில் அறுத்து, காற்றோடுகிற நிழலில் அடுக்குங்க. ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் இரண்டடிக்கு ஒன்றாக ஓர் அங்குலக் கம்பை வையுங்க. வெடிக்காமல் இருக்க முனைகளில் பெயிண்ட் தடவுங்க. காய்ந்ததா என்று அறிய, அதில் ஒரு பலகையை வாரத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்க. எடை குறைவது நின்றுவிட்டால் பலகை தயார். பங்குனி, சித்திரையில் வேலையை வைத்துக் கொள்ளலாம்.

பழைய தளத்தைக் கழற்றும் முன் டிரெய்லரை டிராக்டரிலிருந்து பிரித்து, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்க. இரண்டு சக்கர வண்டியானால் முன்கொண்டிக்கு அடியிலும் பின்பக்கத்திலும் முட்டுக் கொடுங்க. இல்லாவிட்டால் பின்னால் ஆள் ஏறினதும் முன்பக்கம் தூக்கிவிடும். பலகை போனதும் இரும்புச் சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சுத்தியலால் தட்டிப் பாருங்க. துரு தின்று மெலிந்த குறுக்குச் சட்டத்தை இப்போதே வெல்டிங் வைத்து மாற்றிவிட வேண்டும். பலகை போட்ட பிறகு வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். பிறகு ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு.

பலகையை அளவுக்கு அறுத்து, துளை போட்ட பிறகுதான் எண்ணெய் தடவ வேண்டும். முனை வழியாகத் தண்ணீர் உறிஞ்சுவது முகத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் முனைகளுக்கும் துளைகளுக்கும் இரண்டு மூன்று தடவை கொடுங்க. அடிப்பக்கத்துக்கு முந்திரித் தோட்டு எண்ணெய் நல்லது. ஆனால் அது தோலைப் பொத்துவிடும், கையுறை இல்லாமல் தொடாதீங்க. மேல்பக்கம் வெறுங்காலோடு ஆள் ஏறுகிற இடம், அங்கே லின்சீட் ஆயில் போதும். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்து அப்புறப்படுத்துங்க. நெல்லும் தீவனமும் ஏற்றுகிற வண்டிக்குப் பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம்.

பலகைகளுக்கு இடையில் கால் அங்குலம் சந்து விட்டால் தண்ணீர் இறங்கிவிடும். உதிரி நெல் ஏற்றுகிற அன்றைக்கு மட்டும் தார்ப்பாய் விரித்துக் கொள்ளலாம். ஆணி அடிக்காமல், துத்தநாகம் பூசின மூணு நூல் போல்ட்டும் வாஷரும் போடுங்க. சாக்கு கிழியாமல் இருக்க போல்ட்டின் தலை பலகை மட்டத்துக்குப் பதிய வேண்டும். ஒரு மாதம் கழித்து எல்லா நட்டையும் இன்னொரு தடவை முறுக்குங்க.

அப்புறம் பராமரிப்பு. சாணி, உரம் ஏற்றின அன்றே கூட்டிக் கழுவிவிடுங்க. நனைந்த வைக்கோலைத் தளத்தில் போட்டு வைக்காதீங்க. வண்டியை நிறுத்தும்போது முன்பக்கம் சற்று உயர்ந்து இருந்தால் தண்ணீர் பின்னால் வடிந்துவிடும். ஒவ்வொரு கும்பப்பூ முடிந்ததும் அதே திருப்புளியோடு ஒருமுறை அடியில் குத்திப் பாருங்க. கால் மணி நேரம்கூட ஆகாது.